தீயின்றிச் செய்யும் இனிப்புகளும் அவற்றின் சுவைச் சோதனையும்

அடுப்பு மூட்டாமல் இனிப்புப் பண்டம் செய்யும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. பழநியில் வழங்கப்படும் பஞ்சாமிர்தமும், கேரளக் கோயில்களில் படைக்கப்படும் திருமதுரமும், வீடுகளில் மாலை வேளையில் பிசையும் அவலும் தீயின் உதவியின்றிக் கலக்கப்படுவனவே. அண்மைக் காலத்தில் சமைக்காத உணவின்மீது ஆர்வம் மிகுந்துள்ளமையால், பழம், தேங்காய், பேரீச்சை, எள் முதலியவற்றைப் பலவாறு சேர்த்துப் புதிய இனிப்புகளை வீட்டிலேயே செய்து பார்ப்போர் பலராயினர். இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் சமைத்த பண்டத்தில் நேரும் பிழைகள் பலவற்றைத் தீ திருத்திவிடுகிறது. சமைக்காத பண்டத்தில் அவற்றைத் திருத்துவார் இல்லை. ஆகையால் சுவையை ஆராயும்போதே, அப்பண்டம் கெடாதிருக்கும் காரணத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

செங்கல் வட்டாரம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அண்மையில் அமைந்துள்ளது செங்கல் கிராமம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, இதனை அடுத்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தபோதிலும் இருபுறத்து வீடுகளிலும் தென்னையும் வாழையும் ஒன்றே. அவலைப் பிசையும் கையும் ஒன்றே.

பெயர்கள் மட்டும் ஒன்றாக இல்லை. இங்கே ‘சர்க்கரை’ என்றால் ஒரு வீட்டில் வெல்லத்தைக் குறிக்கும். வெள்ளைச் சர்க்கரையை மலையாளத்தார் பஞ்சசார என்றும், தென்கோடித் தமிழர் சீனி என்றும் வழங்குவர். கேரளத்தில் பாளையங்கோடன் எனப்படும் பழமே தமிழ்நாட்டில் பூவன். கேரளத்தார் பூவன் என்பது தமிழ்நாட்டின் ரசதாளி. நேந்திரனை இப்பக்கத்தில் ஏத்தன் என்பர். செவ்வாழையைச் செந்துளுவன் என்பாரும் உளர். ஆகவே செய்முறை ஒன்றைக் கேட்டு எழுதிக் கொள்ளும் ஆசிரியரும் களப் பணியாளரும், பெயரை மட்டும் குறித்துக் கொள்ளாமல் பொருளையே கண்ணால் கண்டு குறித்துக் கொள்வது நலம்.

தீ எங்கே வேலை செய்திருக்கிறது?

இவ்வட்டாரத்து வீடுகளில் பழகிய இனிப்பு நனைத்த அவலாகும். அவலுடன் தேங்காய்த் துருவலையும் பொடித்த வெல்லத்தையும் பிசைந்து, வேண்டுமானால் கனிந்த பழம் ஒன்றையும் மசித்துச் சேர்ப்பர். அடுப்பு இதில் எங்கும் இல்லை என்று தோன்றும். சற்று ஆராய்ந்தால் உண்மை வேறாக விளங்கும். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்தே அவல் ஆக்கப்படுகிறது. கரும்புச் சாற்றைக் கொதிக்க வைத்தே வெல்லம் காய்ச்சப்படுகிறது. திருமதுரத்திலும் பஞ்சாமிர்தத்திலும் சேரும் நெய், வெண்ணெயை உருக்கி நீரை வற்றச் செய்து பெற்றதாகும். எனவே, ‘சமைக்காத’ இனிப்பின் பெரும்பகுதியில் தீ முன்னமே தன் வேலையை முடித்துவிட்டது.

தீயைக் காணாத பொருள்கள் மூன்றே. அவை பழம், தேங்காய், தேன். பழத்திற்குத் தோலும், தேங்காய்க்கு ஓடும் காவலாக அமைந்துள்ளன. தோலை உரித்து ஓட்டை உடைத்த கணத்திலிருந்து அக்காவல் நீங்கி, கையும் கத்தியும் துருவியும் பாத்திரமுமே பண்டத்தின் தூய்மையை நிர்ணயிக்கின்றன. தோலை எறிந்துவிடப் போகிறோம் என்று கருதிப் பழத்தைக் கழுவாதிருத்தல் தவறு. தோலின் மீதுள்ள அழுக்கு, உரிக்கும் விரலின் வழியே சதையை அடைகிறது.

இவ்வுண்மையிலிருந்து ஒரு விதி பெறப்படும். புதிய பொருள் ஒன்றை இனிப்பில் சேர்க்குமுன், அது தீயைக் கண்டதா என்று கேட்க வேண்டும். வறுக்காத அரிசி மாவையும் கோதுமை மாவையும் பச்சையாகப் பிசைந்து உண்ணுதல் தகாது. அவற்றில் நோய்க் கிருமிகள் இருத்தல் கூடும். எள்ளையும் நிலக்கடலையையும் வறுத்துச் சேர்ப்பது மணத்திற்கும் நல்லது, பாதுகாப்பிற்கும் நல்லது. கல்லும் தூசியும் கலந்த வெல்லத்தைக் காய்ச்சிய நீரில் கரைத்து வடிகட்டி, மீண்டும் ஒரு கொதி விட்டு ஆறவைத்துப் பயன்படுத்தலாம்.

நீரைக் கட்டி வைக்கும் இனிப்பு

சில இனிப்புகள் நெடுநாள் இருப்பதும், சில மாலைக்குள் புளிப்பதும் ஏன்? நுண்ணுயிர்கள் வளர நீர் வேண்டும். ஆனால் பண்டத்தில் உள்ள நீர் முழுவதும் அவற்றிற்குக் கிடைப்பதில்லை. சர்க்கரை மிகுதியானால் அது நீரைத் தன்னிடம் பற்றிக் கொள்கிறது. பற்றப்படாமல் எஞ்சும் நீரின் தன்மையை விஞ்ஞானிகள் ‘நீர்ச் செயல்மதிப்பு’ என்ற அளவால் குறிப்பர். தூய நீருக்கு இது 1. சாதாரண பூஞ்சைகள் பல 0.80-க்குக் கீழே வளர்வதில்லை. உணவை நஞ்சாக்கும் பாக்டீரியாக்கள் பொதுவாக 0.85-க்குக் கீழே பெருகுவதில்லை. தேனின் மதிப்பு ஏறக்குறைய 0.6. அதனுடன் தேனுக்கு இயல்பான அமிலத்தன்மையும் உண்டு. தேன் கெடாதிருப்பதன் காரணம் இதுவே.

பழநிப் பஞ்சாமிர்தத்தில் நீர் சேர்ப்பதில்லை. மலை வாழைப்பழத்துடன் சர்க்கரை, தேன், நெய், ஏலம் முதலியன மிகுதியாகச் சேர்கின்றன. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இப்பண்டம், நீரைக் கட்டி வைக்கும் முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். நனைத்த அவல் இதற்கு நேர்மாறானது. புதிய தேங்காய்த் துருவலின் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. கனிந்த வாழைப்பழத்தில் நீர் அதனினும் மிகுதி. அவற்றில் சேரும் சிறிதளவு வெல்லம் நாவிற்கு இனிப்பைத் தரும்; காவலைத் தராது. ஆகவே, தேங்காயோ புதுப் பழமோ சேர்ந்த பண்டத்தைப் பிசைந்த 2 மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும். அல்லது குளிர்பதனப் பெட்டியில் வைத்து அன்றே முடிக்க வேண்டும்.

இவ்வுண்மையை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். மசித்த பழத்தை இரு கிண்ணங்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் பழத்தின் எடைக்குச் சமமாக வெல்லத்தூளைக் கலந்து, இரண்டையும் மெல்லிய துணியால் மூடி வைக்க வேண்டும். நாள்தோறும் மணத்தையும் நுரையையும் பார்த்துக் குறித்து வந்தால், வெல்லமில்லாத கிண்ணம் முந்திப் புளிப்பதைக் காணலாம். இவற்றை ஒருவரும் சுவைத்தல் ஆகாது.

பழத்தின் பக்குவம்

வாழைக்காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்தாகும். பழுக்கும்போது அது பெரும்பாலும் சர்க்கரையாக மாறுகிறது. இம்மாற்றத்தைத் தூண்டுவது, பழமே வெளியிடும் எத்திலீன் என்னும் வாயுவாகும். கனிந்த பழம் ஒன்றைக் காய்களிடையே வைத்து மூடினால் அவையும் விரைவில் பழுப்பதன் காரணம் இதுவே. கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கச் செய்தலை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன. அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் சேர்மங்கள் கலந்திருத்தல் கூடும். மேலும் அவ்வாறு பழுத்த பழத்தில் தோல் மஞ்சளாகியும் சதை மணமின்றி நிற்பதுண்டு. சமைக்காத இனிப்பில் இக்குறை உடனே புலப்படும்.

பழந்தோறும் குணம் வேறு. கதலியும் மட்டியும் சிறியவை, மணம் மிக்கவை. பாளையங்கோடனில் இனிப்புடன் சிறு புளிப்பும் கலந்திருக்கும். நேந்திரனில் பழுத்த பின்னரும் மாவுச்சத்துச் சிறிது மிகுதியாக எஞ்சுவதால், அது மசிந்தும் கெட்டியாக நிற்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மட்டி வாழைப்பழம் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு வகைப் பழத்தையே சந்தை கேட்குமாயின், ஏனையவை தோட்டத்திலிருந்து நாளடைவில் மறையும். வீட்டு இனிப்பில் பல பழங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் அவ்வகைகளுக்கு ஒரு தேவையை உண்டாக்கும் வழியாகும்.

மசித்த பழம் கறுப்பது காற்றிலுள்ள பிராணவாயுவும் பழத்திலுள்ள நொதியும் சேர்ந்து செய்யும் வேலை. சில துளி எலுமிச்சைச் சாறு அதனைத் தாமதப்படுத்தும். சுவைக்கும் ஓர் எழுச்சி தரும்.

நாவும் மூக்கும்

சுவை எனப் பொதுவாகச் சொல்வதில் நாவின் பங்கு சிறிது; மூக்கின் பங்கு பெரிது. மாணவர் ஒருவரை மூக்கைப் பிடித்துக் கொண்டு ஏலம் சேர்த்த இனிப்பை வாயிலிடச் சொன்னால், அவர் இனிப்பை மட்டுமே உணர்வார். மூக்கை விட்டவுடன் ஏலமும் பழமும் தெரியும். வாயிலிருந்து மணம் தொண்டையின் வழியே மூக்கை அடைவதே இதன் விளக்கம். செலவின்றிச் செய்யத்தக்க சோதனை இது.

ஏலத்தின் மணப் பொருள்கள் நீரினும் கொழுப்பில் நன்கு கரைவன. ஆதலின் ஏலப்பொடியை முதலில் நெய்யுடனோ தேங்காய்த் துருவலுடனோ தேய்த்துப் பின்னர்ப் பழத்தில் சேர்த்தால் மணம் பரவி நிற்கும். ஒரு சிட்டிகை உப்பு, வெல்லத்தின் சிறு கசப்பை அடக்கி இனிப்பை மேலெழச் செய்யும். மிகக் குளிர்ந்த பண்டத்தில் இனிப்புக் குறைவாகத் தோன்றுமாதலால், குளிரில் வைத்த பண்டத்தைச் சுவைத்து மேலும் வெல்லம் சேர்த்துவிடுதல் கூடாது.

சோதனை செய்யும் முறை

பலர் ஒரே நேரத்தில் பழத்தையும் வெல்லத்தையும் மணப்பொருளையும் மாற்றிவிட்டு, எதனால் சுவை மாறியது என்று அறியாமல் நிற்கின்றனர். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுதலே விதி. எடுத்துக்காட்டாக, அவல் 100 கிராம், பழம் 100 கிராம், தேங்காய்த் துருவல் 50 கிராம், வெல்லம் 50 கிராம் என்று அடிப்படை அளவை வைத்துக் கொள்ளலாம். அடுத்த முறை வெல்லத்தை மட்டும் 35 கிராமாகக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கடுத்த முறை அதே 35 கிராமுடன் ஏலம் சேர்க்கலாம். பழத்தின் பக்குவமும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

வேறுபாடு உண்மையா, கற்பனையா என்பதை அறிய முக்கோணச் சோதனை உதவும். ஒவ்வொருவர்க்கும் மூன்று சிறு கிண்ணங்கள் தருக. இரண்டில் ஒரே பண்டமும், ஒன்றில் மாற்றிய பண்டமும் இருக்கட்டும். கிண்ணங்களின் மீது 417, 293, 658 போன்ற எண்களை மட்டும் எழுதி, வேறுபட்டது எது என்று கேட்க வேண்டும். இருவகைப் பண்டங்களை மூன்று கிண்ணங்களில் வைக்கத்தக்க வரிசைகள் ஆறு. 12 மாணவர் இருப்பின் ஒவ்வொரு வரிசையையும் இருவர்க்குத் தரலாம். வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னாலும் மூவரில் ஒருவர், அதாவது 12 பேரில் 4 பேர், சரியாகச் சொல்லக் கூடும். 8 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னாலன்றி வேறுபாடு உண்டென்று கொள்ளுதல் கூடாது. கணிதத்தில் நிகழ்தகவைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் இனிய பாடம் கிடைத்தல் அரிது. ஒவ்வாமை உள்ள மாணவரையும், சர்க்கரையை விலக்குமாறு மருத்துவர் கூறிய மாணவரையும் சுவைப்பதினின்றும் விலக்கி, விடைகளைத் தொகுக்கும் பணியைத் தரலாம்.

இச்சோதனையால் வரும் பயன் வேடிக்கை மட்டுமன்று. ஒருவர் உண்ணும் உணவின் மொத்த ஆற்றலில் சேர்க்கும் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்திற்குள் இருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. 2,000 கலோரி உண்பவர்க்கு இது நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம். தேனும் வெல்லமும் இக்கணக்கில் அடங்கும். சமைக்காதது என்பதனால் அவற்றிற்கு விலக்கு இல்லை. 50 கிராம் வெல்லத்திற்கும் 35 கிராம் வெல்லத்திற்கும் வேறுபாட்டை மாணவரால் சொல்ல இயலாதாயின், அந்த 15 கிராம் வீணே சேர்க்கப்பட்டு வந்தது என்பது அவர்களுக்கே விளங்கும்.

குழந்தைக்குத் தேன் வேண்டா

களப் பணியாளர் வீடுதோறும் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனையோ, தேன் கலந்த பண்டத்தையோ ஒரு துளியும் கொடுத்தல் ஆகாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துக்கள் உறங்கிக் கிடத்தல் கூடும். தேனுக்குள் அவை முளைப்பதில்லை. பெரியோர் குடலிலும் பொதுவாக முளைப்பதில்லை. பச்சிளங் குழந்தையின் குடலில் அவை முளைத்து, நரம்புகளைத் தளரச் செய்யும் நஞ்சை வெளியிடக் கூடும். மலச்சிக்கல், அழுகுரல் மெலிதல், பால் உறிஞ்ச இயலாமை, தலை நிற்காமை ஆகியன அதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வீட்டு அடுப்பில் தேனைச் சூடாக்குவதால் இவ்வித்துக்கள் அழிவதில்லை.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் அன்பினால் எழுந்ததே. ஆயினும் முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதுமான உணவு. அதன் பின்னர், மட்டி போன்ற மென்மையான பழத்தைக் கழுவி, உரித்து, தூய கையால் மசித்து, எதுவும் சேர்க்காமல் ஊட்டலாம். பழத்தின் இனிப்பு அக்குழந்தைக்குப் போதும்.

தூய கை, கழுவிய பழம், அளந்த வெல்லம், குறித்துக் கொண்ட நேரம் ஆகிய நான்கும் அமைந்தால், தீயின்றிச் செய்யும் இனிப்பில் எத்தனை புதுச் சுவையையும் அச்சமின்றி ஆராயலாம்.