ஃபாரின்ல படிக்கப் போறீங்களா? பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி போனை ரெடி பண்ணுங்க!

பெட்டியில் ஊறுகாய் ஏறிவிட்டது. பருப்புப் பொடி, ஏற்காட்டு மிளகு, அரைக் கிலோ காபித் தூள் எல்லாம் ரெடி. ஸ்வெட்டர் பற்றிக் கவலையே இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் மலைப் பனியில் வளர்ந்த பிள்ளைக்குக் குளிர் என்ன புதுசா?

ஆனால், லண்டனில் இறங்கிய முதல் நாள் இப்படி நடக்கலாம். ரூம் அட்வான்ஸ் கட்ட கார்டைப் போடுகிறீர்கள். ஓடிபி போவது உங்கள் இந்திய நம்பருக்கு. அந்த சிம்மில் ரோமிங் இல்லை. அப்பாவைக் கூப்பிடலாம் என்றால், அவர் காபித் தோட்டத்துப் பள்ளத்தில் இருக்கிறார். சிக்னல் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் ஒதுக்கினால் இந்தத் தவிப்பைத் தவிர்க்கலாம். என்னென்ன செய்யணும்? பார்க்கலாம்.

இந்திய நம்பரை விட்டுடலாமா?

விடவே கூடாது. பேங்க், ஆதார், கல்விக் கடன், வாட்ஸ்அப் என எல்லாமே அந்த 10 இலக்கத்தில்தான் தொங்குகின்றன. 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு நம்பரை நிறுவனம் நிறுத்திவிடலாம். பிறகு அது வேறு யாருக்காவது போய்விடும். உங்கள் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்!

* இங்கே இருக்கும்போதே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆக்டிவேட் பண்ணுங்க. வெளிநாட்டில் எஸ்எம்எஸ் பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் பில் எகிறும்.
* இந்திய சிம் ஒரு பக்கம், வெளிநாட்டு நம்பர் இ-சிம்மில். போன் இதற்கு ஒத்துவருமா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.
* வேலிடிட்டி முடியும் தேதியை நீங்களும் வீட்டில் ஒருவரும் காலண்டரில் குறித்து வையுங்கள்.
* வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் போடுங்கள்.

பிரிட்டன் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே மாணவர் விசா இப்போது இ-விசா. அதைப் பார்க்க லாகின் செய்யும்போது, நீங்கள் பதிவு செய்த போனுக்கோ ஈமெயிலுக்கோ கோடு வரும். ஏஜென்ட்டின் ஈமெயிலைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

பேங்க் அக்கவுன்ட் என்ன ஆகும்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. படிக்க வெளிநாடு போகும் மாணவர்களும் ஃபெமா சட்டப்படி என்ஆர்ஐதான். 2003-லேயே ரிசர்வ் வங்கி இதைத் தெளிவுபடுத்திவிட்டது. அதனால் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். ஊரில் இருக்கும்போதே உங்கள் கிளையில் நேரில் பேசிவிடுங்கள்.

என்ஆர்ஓ கணக்கு இருந்தால் வெளிநாட்டு நம்பரிலேயே யுபிஐ பயன்படுத்தும் வசதியும் உண்டு. 2023-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் உள்ளிட்ட 10 நாடுகளுக்கு இது அறிவிக்கப்பட்டது. உங்கள் வங்கி தருகிறதா என்று கேளுங்கள்.

இனிஷியல் ஒரு பிரச்னையா?

நமக்கு மட்டுமே வரும் பிரச்னை! மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அது அப்பாவின் முழுப் பெயர், டிக்கெட்டில் இரண்டும் இடம் மாறி. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் ஆகிவிடும். முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்என்யூ' என்று விழும். அதாவது, முதல் பெயர் தெரியாதாம்!

பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே விசாவிலும் டிக்கெட்டிலும் அட்மிஷனிலும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் திருத்தம் வேண்டுமென்றால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

ஏர்போர்ட்டுக்கு எப்போ கிளம்பணும்?

கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள் மட்டும்தான். வெளிநாட்டு விமானத்துக்குச் சென்னை, பெங்களூரு, கோவை அல்லது திருச்சி போக வேண்டும். பெங்களூரு விமான நிலையம் நகரத்தின் வடக்கே இருக்கிறது. சேலத்திலிருந்து போகிறவர்கள் மொத்த டிராஃபிக்கையும் தாண்டியாக வேண்டும்.

அதற்கும் முன்னால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பனி இறங்கினால் வண்டி ஊர்ந்துதான் போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது. மழைக் காலத்தில் ஃப்ளைட் என்றால், முந்தைய நாளே சேலம் இறங்கி உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

பெட்டியில் எது வேண்டாம்?

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-ஹவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. 20,000 எம்ஏஹெச் என்றால் சுமார் 74. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள்.

பிரிட்டனுக்கு இங்கிருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோகக் கூடாது. அம்மா உருக்கிய நெய்யும் அதில் சேரும். ஆஸ்திரேலியாவில் எந்த உணவுப் பொருளாக இருந்தாலும் வருகை அட்டையில் அறிவிக்க வேண்டும். சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், விசாவுக்கே ஆபத்து.

வீட்டோடு எப்படிப் பேசுவது?

"எப்ப வேணா கூப்பிடுறேன்" என்பது திட்டம் இல்லை. லண்டன் நமக்கு கோடையில் நாலரை மணி நேரமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்னால். வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தையும் நேரத்தையும் பார்த்து, வாரத்தில் இரண்டு நாள் நிலையாக வையுங்கள். பேச முடியாத நாளில் ஒரு வாய்ஸ் நோட் போதும்.

குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தையும் இருக்கட்டும். "உங்க பிள்ளையை போலீஸ் பிடிச்சிருக்கு, உடனே பணம் அனுப்புங்க" என்று வரும் மோசடி அழைப்பில் பதறாமல் இருக்க அது உதவும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது?

2022 ஜனவரி கடைசியில், உக்ரைனில் இருந்த இந்தியர்களைத் தங்கள் விவரங்களைப் பதிவு செய்யச் சொன்னது கீவ் இந்தியத் தூதரகம். அடுத்த மாதமே போர். வான்வெளி மூடப்பட்டது. மாணவர்கள் எல்லை நாடுகளுக்குப் போய், 'ஆபரேஷன் கங்கா' விமானங்களில் ஊர் திரும்பினார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பது அப்போது புரிந்தது.

போய்ச் சேர்ந்த வாரமே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் மாணவராகப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793. வெளிநாட்டிலிருந்து என்றால் +91 80 6900 9900. இந்த எண்களைப் போனில் சேமித்ததோடு ஒரு பேப்பரிலும் எழுதி, பாஸ்போர்ட் ஜெராக்ஸோடு வையுங்கள். போன் தொலைந்தால் அந்தப் பேப்பர்தான் கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று. கிளம்புவதற்கு முந்தைய வாரம், அப்பா அம்மாவுக்கு வீடியோ கால் எடுக்கவும், ஸ்பீக்கரை ஆன் செய்யவும் சொல்லிக்கொடுங்கள். ஒரு முறை இல்லை, நாலு முறை. அடுத்த தடவை அவர்களுக்குச் சந்தேகம் வரும்போது, பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.