பனியைத் துரத்தும் படிக்கட்டு
பயணத் தொடர் – 9

பிரான்சின் சாமோனியில் இருந்து மோன்டன்வேருக்குச் சிவப்பு ரயிலில் இருபது நிமிடம். நம் ஊட்டி ரயிலைப் போலவே மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்: நீலகிரி ரயில் ஊட்டியைத் தொட்டது 1908இல், இந்தப் பாதை முழுவதும் திறந்தது 1909இல். ஆனால் ஊட்டி ரயிலுக்குப் போய்ச்சேர ஓர் ஊர் இருந்தது. இது 1,913 மீட்டர் உயரத்துக்கு மூச்சுப்பிடித்து ஏறுவது ஒரு பனியாற்றைக் காட்ட மட்டுமே. பிரான்சின் மிகப் பெரிய பனியாறான மேர் தெ கிளாஸ் அங்கேதான் இருக்கிறது.

இறங்கியதும் பலருடைய முகம் வாடிவிடுகிறது. விளம்பரப் படங்களில் பார்த்த நீலமும் வெள்ளையும் எங்கே? கீழே ஆழமான பள்ளம். அதன் அடியில் கைவிடப்பட்ட கல் குவாரி போல ஒரு சாம்பல் பட்டை. மலைச்சரிவுகளில் இருந்து உருண்ட கற்கள் மூடிக் கிடக்கின்றன. பனிக்கட்டி அவற்றுக்கு அடியில்.

1741இல் வில்லியம் விண்டம், ரிச்சர்ட் போகாக் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு இங்கே ஏறிவந்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பிச் சொன்ன கதைதான் சாமோனியைச் சுற்றுலா வரைபடத்தில் ஏற்றியது. 1816இல் மேரி ஷெல்லி வந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியான அவருடைய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் விஞ்ஞானியும் அவன் படைத்த உயிரும் சந்தித்துப் பேசுவது இந்தப் பனிமேல்தான். அந்தப் பயணிகள் காலத்துப் பனி, இன்று நாம் நிற்கும் மேடைக்குச் சற்றுக் கீழே வரை நிரம்பியிருந்தது.

பனிக்குள் குடைந்த குகை ஒன்று உண்டு. அதைப் பார்க்கத்தான் கூட்டம். 1988இல் நிலையத்தில் இருந்து கீழே ஒரு ரோப்கார் போட்டார்கள். அப்போது அதில் இறங்கினால் சில படிகளிலேயே பனியைத் தொட்டுவிடலாம். பனி தாழத் தாழ, இரும்புப் படிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஐந்நூறைத் தாண்டியது. வழியில் பாறையில் சின்னச் சின்னப் பலகைகள்: இந்த ஆண்டில் பனி இந்த மட்டத்தில் இருந்தது என்று. 1990 என்ற பலகையைக் கடந்த பிறகும் படிகள் முடிவதாக இல்லை. முழங்கால் வலிக்க இறங்கியவருக்குப் பருவநிலை பற்றித் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. கலர் விளக்கு போட்ட குகையைவிட அந்தப் படிக்கட்டுக்குத்தான் நான் டிக்கெட் வாங்குவேன்.

2024இல் புதிய ரோப்கார் வந்துவிட்டது. பள்ளத்தாக்கில் இன்னும் உள்ளே, பனி கனமாக இருக்கும் இடத்துக்கு. பனி ஓட ஓட டிக்கெட் கவுன்ட்டரும் பின்னாலேயே ஓடுகிறது! மின்வாரியத்துக்கும் இதே பாடுதான். பனியாற்றின் அடியில் உருகி ஓடும் நீரைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 1973 முதல் இயங்குகிறது. 2009இல் அதன் நீர்வாய் வெட்டவெளிக்கு வந்துவிட, மேலே போய் வேறொன்று குடைய வேண்டியதாயிற்று.

குகையையும் ஆண்டுதோறும் புதிதாகக் குடைகிறார்கள். உருகுவது ஒரு காரணம்; இன்னொன்று, பனியாறு நகர்ந்துகொண்டே இருப்பது. 1842இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் இங்கே தங்கி அந்த வேகத்தை அளந்தார். 1820இல் மோன் பிளான் சிகரம் ஏறும்போது பனிச்சரிவில் சிக்கி, பிளவுக்குள் விழுந்து மறைந்த மூன்று வழிகாட்டிகள், விழுந்து நாற்பது ஆண்டுகள் ஆனதும் மலையடிவாரத்தில் வெளிவருவார்கள் என்று அவர் கணக்குச் சொன்னார். 1861இல், பக்கத்தில் உள்ள பொஸ்ஸோன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் அவர்களுடைய உடல் எச்சங்கள் வெளிவந்தன.

அந்தப் பொஸ்ஸோன் நமக்கு அந்நியமானது அல்ல. 1950 நவம்பரில் ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் மோன் பிளானில் மோதி 48 பேர் இறந்தார்கள். 1966 ஜனவரி 24 அன்று அதே நிறுவனத்தின் ‘கஞ்சன்ஜங்கா’ என்ற போயிங் 707, ஜெனீவாவில் இறங்கும் வழியில், அதே மலையில் மோதியது. இறந்த 117 பேரில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர். சிதறியதைப் பனி விழுங்கிக்கொண்டு, தன் வேகத்தில் கீழே கொண்டுவருகிறது. 2012இல் இந்திய வெளியுறவுத் துறையின் தபால் பை கிடைத்தது. 2013இல் மரகதமும் நீலக்கல்லும் அடங்கிய பெட்டி. 2020இல் இந்திரா காந்தி பிரதமராகும் செய்தியோடு 1966ஆம் ஆண்டு இந்தியச் செய்தித்தாள்கள். எழுத்து படிக்கும்படியே இருந்தது. அங்கே சிற்றுண்டிக் கடை நடத்துபவர் அவற்றை உலர்த்தி வைத்தார்.

ஆகவே, சாமோனிக்குப் போனால் மேர் தெ கிளாஸுக்கு ஒரு காலைப்பொழுது போதும். பிற்பகலைப் பொஸ்ஸோனுக்கு ஒதுக்குங்கள். காட்டுப்பாதையில் நடந்தே பனியாற்றைப் பக்கத்தில் பார்க்கலாம். வழிகாட்டி இல்லாமல் பனிமேல் மட்டும் கால் வைக்காதீர்கள். விமானத் துண்டோ வேறு பொருளோ கண்ணில் பட்டால் நினைவுப்பொருளாகப் பையில் போடாமல் காவல்துறையிடம் கொடுங்கள். 2013இல் ரத்தினப் பெட்டியைக் கண்டெடுத்த மலையேறி அப்படித்தான் செய்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, உரிமையாளர் யாரும் தெரியாததால், கற்களில் பாதி அவருக்கே வந்தது. மறுபாதி சாமோனி நகராட்சிக்கு.

(அடுத்த வாரம்: சுவிட்சர்லாந்தில் போர்வை போர்த்திய ரோன் பனியாறு)