திரையில் தெரியும் பயிற்சியாளர்

வேண்டிய நேரத்தில் ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே வீட்டில் செய்யும் உடற்பயிற்சிக் காணொளிகளுக்கு முன்னோடி தொலைக்காட்சி. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1951-இல் ஜாக் லாலேன் தொடங்கிய நிகழ்ச்சி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. ஒரு நாற்காலி இருந்தாலே போதும் என்று அவர் செய்துகாட்டினார். ஆனால் ஒளிபரப்பாகும் வேளையில் தொலைக்காட்சி முன் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டை அவிழ்த்தது வீடியோ கேசட். நடிகை ஜேன் ஃபோண்டாவின் பயிற்சிக் கேசட் 1982-இல் வந்து, விற்பனையில் பெரும் வெற்றி கண்டது. பின்னர் யூடியூப் இதை இலவசமாக்கியது. 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய வேளையில், இங்கிலாந்தின் ஜோ விக்ஸ் பிள்ளைகளுக்காக நேரலையில் நடத்திய ஒரு வகுப்பை 9,55,185 பேர் ஒரே நேரத்தில் பார்த்தது கின்னஸ் சாதனையானது.

கேசட்டானாலும் கைப்பேசியானாலும் ஒரு குறை மாறவில்லை: திரையில் இருப்பவருக்கு எதிரே செய்பவர் தெரிவதில்லை. பஸ்கி எடுக்கும்போது முழங்கால்கள் உள்நோக்கி மடங்கினாலும், தண்டாலில் இடுப்பு தொய்ந்தாலும் திருத்த ஆளில்லை. அந்த வேலையைப் பயிற்சி செய்பவரே ஏற்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியைப் பக்கவாட்டில் வைத்து இரண்டு நிமிடம் படம்பிடித்துப் பார்த்தால், கண்ணாடியில் பிடிபடாத பிழையும் தெரிந்துவிடும். திரையைப் பார்க்கத் தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிப்பதும் வழக்கம். முதல் நாள் சும்மா உட்கார்ந்து முழுவதையும் பார்த்துவிட்டு, மறுநாள் குரலை மட்டும் கேட்டுச் செய்வதே நல்ல முறை. வியர்வை சொட்டிய டைல்ஸ் தரையில் காலுறையோடு குதிப்பது ஆபத்து. அதற்கு விரிப்பு வேண்டும்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் பெரியவர்களுக்குத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலாவதைக் காணொளிகள் எளிதில் நிறைவேற்றுகின்றன. இரண்டாவதில்தான் கவனம் வேண்டும். ஒரே காணொளியை மாதக்கணக்கில் செய்தால் உடல் அதற்குப் பழகிவிடும், தசை மேலும் வலுப்பெறாது. எண்ணிக்கையோ பளுவோ கூட வேண்டும். இன்னொன்று, கருவி இல்லாத பயிற்சிகளில் தள்ளும் அசைவுகளே அதிகம். தண்டால் மார்புக்கும் தோளுக்கும் வேலை தரும். முதுகுத் தசைகளுக்கு இழுக்கும் அசைவு வேண்டும், அதற்குப் பிடித்து இழுக்க ஏதாவது இருக்க வேண்டும். கனமான கட்டில் காலில் மாட்டிய ரப்பர் பட்டை ஒன்று இதற்குப் போதும்.