மூச்சு வாங்கற பிள்ளையோட பனிமலை ரயில்: ஊட்டியை வச்சு போட்ட ஒரு கணக்கு

எங்க வீட்டுக்காரர் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில மெர்ச்சண்டைசர். மிலான்ல நடக்கிற லினியாபெல்லே தோல் கண்காட்சிக்கு அப்பப்போ அனுப்புவாங்க. இந்தத் தடவை செப்டம்பர் கண்காட்சி முடியறதும் பிள்ளைகளோட காலாண்டு லீவும் கிட்டத்தட்ட ஒட்டி வருது. "என் டிக்கெட் கம்பெனி கணக்கு. நீங்க மூணு பேரும் கிளம்பி வந்தா அங்கிருந்து ஆல்ப்ஸ் மலை ரயில்ல போயிட்டு வரலாமே"ன்னு அவர் ஆரம்பிச்சார். பொண்ணுக்கு ஏழு வயசு, பையனுக்கு மூணரை. எல்லாரும் மனசுல நினைச்ச இடம் ஒண்ணுதான்: சினிமாவுலயும் டிராவல்ஸ் விளம்பரத்துலயும் பார்த்த யுங்ஃப்ராவ்.

அத்தை மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "மூச்சு வாங்கற புள்ளய தூக்கினு பனிமலை ஏறணுமா?"

பையனுக்கு வீசிங் இருக்கு. மழைக்காலத்துல மாசத்துக்கு ஒரு தடவையாவது நெபுலைசர் வைக்க வேண்டி வரும். அத்தை கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றது பதில் கிடையாது. அதனால நாலு மாசம் தேடிப் படிச்சேன், நடுவுல ஊட்டிக்குப் போய் ஒரு ஒத்திகையும் பார்த்துட்டு வந்தோம். அந்தக் குறிப்புகள்தான் இது. சின்னப் பிள்ளைங்களோட மலை ரயில் யோசிக்கிற யாருக்கும் உதவும்.

உயரத்தை எதை வச்சு அளக்கறது?

3,454 மீட்டர்னு எழுதியிருந்தா நமக்கு ஒண்ணும் புரியாது. அதனால நான் ஊட்டியை அளவுகோலா வச்சுக்கிட்டேன். ஆம்பூர் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம். மேட்டுப்பாளையமும் அதே அளவுதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரம் 2,637.

இப்போ ஆல்ப்ஸ் ரயில்களைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். 1871ல ஓட ஆரம்பிச்ச ரிகி மலை ரயிலோட உச்சி நிலையம் 1,752 மீட்டர். அது நம்ம குன்னூர் அளவு. யுங்ஃப்ராவ் போற வழியில இருக்கிற கிளைன ஷைடெக் 2,061, பிலாத்துஸ் 2,073. ரெண்டுமே ஊட்டிக்குக் கீழ! இத்தாலி எல்லையில இருந்து சுவிட்சர்லாந்துக்குள்ள போற பெர்னினா பாதையோட மிக உயர்ந்த நிலையம், ஓஸ்பிஸியோ பெர்னினா, 2,253. அச்சு அசலா ஊட்டி உயரம். பனிமலைன்னு நாம பயப்படற பாதி இடம், உயரக் கணக்குல, வருஷா வருஷம் மே மாசம் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போற ஊருதான்.

கணக்கு மாறறது அதுக்கு மேலதான். கோர்னர்கிராட் 3,089. யுங்ஃப்ராவ் ரயில் போய் நிக்கிற யுங்ஃப்ராவ்யோக் 3,454. அதுதான் ஐரோப்பாவோட மிக உயரமான ரயில் நிலையம். ஊட்டியில காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்கு இருக்கும். யுங்ஃப்ராவ்யோக்ல மூணுல ரெண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சுலயும் கிடைக்கிற ஆக்சிஜனும் அதே அளவுல குறையும்.

உயரம் மட்டும் இல்ல, வேகமும்

ஜனவரியில ஊட்டிக்குக் கிளம்பினோம். ஏன் ரயில்னா, ஏலகிரி அனுபவம். ஆம்பூர்க்காரங்களுக்கு ஏலகிரி வீட்டுக் கொல்லை மாதிரி. ஆனா அந்த 14 கொண்டை ஊசி வளைவுல எங்க பொண்ணு மூணு தடவை வாந்தி எடுத்தா. ரெண்டு வயசுல இருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குத்தான் பயண வாந்தி அதிகம். காருக்குள்ள உக்காந்திருக்கிற குழந்தைக்குக் கண்ணு முன்னாடி சீட்டு அசையாம தெரியும், காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு மட்டும் "ஆடுறோம்"னு சொல்லும். அந்தச் சண்டைதான் வாந்தி. ரயில்ல பெரிய ஜன்னல், தூரத்து மலை, திடீர் பிரேக் கிடையாது. சண்டை குறைஞ்சுடும்.

காட்பாடியில ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். ஜோலார்பேட்டை எங்களுக்கு இன்னும் பக்கம், ஆனா வண்டி அங்க வர்றப்போ நள்ளிரவு ஆயிடும். தூங்கற பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு அந்நேரத்துக்கு பிளாட்பாரத்துல நிக்க முடியாது. விடிகாலை மேட்டுப்பாளையம். அங்க இட்லி, அப்புறம் காலை ஏழு மணி வாக்குல மலை ரயில்.

46 கிலோமீட்டர், ஏறறதுக்கு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச இரும்புப் பட்டை ஓடும். எஞ்சினுக்கு அடியில இருக்கிற பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பட்டை ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணோட பல்லு இருக்கிற இடத்துல இன்னொண்ணுக்குப் பள்ளம். அதனால ஏதாவது ஒரு பல்லு எப்பவும் பிடிச்சுக்கிட்டே இருக்கும். ரோமன் ஆப்ட்ங்கற சுவிஸ் எஞ்சினியர் கண்டுபிடிச்ச முறை இது. கோர்னர்கிராட் ரயிலும் இதே முறைதான். அது திறந்தது 1898, நம்ம ரயில் குன்னூர் வரைக்கும் வந்தது 1899. ஊட்டி வரைக்கும் நீண்டது 1908. நம்ம நீராவி எஞ்சின்கள்ல பழையதெல்லாம் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர்ல கட்டினது. எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளும், பெட்டிங்க முன்னாடி போகும்.

இந்த மெதுவான ஏத்தத்தோட அருமை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டப்போதான் தெரிஞ்சது. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு ஏறறது சுமார் 1,900 மீட்டர். மணிக்கு 400 மீட்டர்கூட வராது. கிரிண்டெல்வால்ட்ல இருந்து இப்போ ஐகர் எக்ஸ்பிரஸ்னு கேபிள் கார் இருக்கு, 2020 டிசம்பர்ல திறந்தது. அதுல 15 நிமிஷம், அப்புறம் மலைக்குள்ள குடைஞ்ச பாதையில ரயில். மொத்தம் முக்கால் மணி நேரத்துல 2,500 மீட்டர் ஏறிடலாம். பெரியவங்களுக்கு வசதி. சளி பிடிச்ச மூணரை வயசுப் பிள்ளையோட காதுக்கு அது வேற கதை. காத்தழுத்தம் மாற மாற காது அடைக்கும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். எச்சில் முழுங்கத் தெரியாத வயசுக்குப் பால் பாட்டில், கொஞ்சம் பெரியவங்களுக்குத் தண்ணி, மிட்டாய். இறங்கற நேரத்துல தூங்க விடாம இருந்தா நல்லது.

ஊட்டியில நடந்தது

ரயில்ல ஒரு தொந்தரவும் இல்ல. பொண்ணு ஒரு தடவைகூட வாந்தி எடுக்கல. பையன் ஹில்குரோவ்ல எஞ்சின் தண்ணி குடிக்கிறதை வாயைத் திறந்து பார்த்துக்கிட்டு நின்னான். (பெட்டியில கழிப்பறை கிடையாது. நிக்கற ஸ்டேஷன்லதான் கூட்டிட்டுப் போகணும், மறந்துடாதீங்க.)

தப்பு நடந்தது நான் பயந்த இடத்துல இல்ல. தாவரவியல் பூங்காவுல சாயங்காலம் அஞ்சரை மணிக்கு, வெயில் இறங்கின அப்புறம், பையன் புல்தரையில அக்கா பின்னாடி ஓடிக்கிட்டே இருந்தான். சிரிக்கிறானேன்னு விட்டுட்டோம். ராத்திரி பதினொரு மணிக்கு விசில் சத்தம் ஆரம்பிச்சது. இன்ஹேலர் இருந்த பை காருக்குள்ள, டிரைவர் சாவியோட தூங்கப் போயிட்டார். அந்த இருபது நிமிஷத்தை எழுதறதுக்கு எனக்கு இப்பவும் கை வரல. அவன் விலா எலும்பு உள்ள இழுக்கிறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். பை வந்தது, ஸ்பேசர் வச்சு மருந்து கொடுத்தோம், அரை மணி நேரத்துல அடங்கிடுச்சு.

திரும்பி வந்து எங்க குழந்தை டாக்டர்கிட்ட கேட்டேன்: "ஊட்டி உயரம் ஒத்துக்கலையா டாக்டர்?" இல்லைன்னார். பகல் முழுக்க அதே உயரத்துலதானே நல்லா இருந்தான். குளிர்ந்த உலர்ந்த காத்துல ஓடி, வாயால மூச்சு வாங்கினதுதான் காரணம். உயரமே ஆஸ்துமாவுக்கு எதிரி கிடையாது. சுமார் 1,560 மீட்டர் உயரத்துல இருக்கிற டாவோஸ் ஊருக்கு மூச்சு நோயாளிகளை அனுப்பி வைத்தியம் பார்த்த வழக்கம் ஐரோப்பாவுல ரொம்ப காலமா உண்டு. அந்த உலர்ந்த காத்துல வீட்டுத் தூசிப் பூச்சி பெருகறது குறைவு.

என் ஊட்டி அளவுகோல்ல ஓட்டை இருந்தது இங்கதான். ஊட்டி பூமத்திய ரேகையில இருந்து 11 டிகிரி, ஆல்ப்ஸ் 46 டிகிரி. அழுத்தம் ஏறக்குறைய ஒண்ணா இருந்தாலும் குளிர் ஒண்ணு கிடையாது. ஓஸ்பிஸியோ பெர்னினாவுல செப்டம்பர்லயே பனி விழலாம். எங்க பையனுக்கு ஆபத்து மீட்டர்ல இல்ல, குளிர்ல.

பேசத் தெரியாத பிள்ளைக்கு மலைநோய் வந்தா?

2,500 மீட்டருக்கு மேல போகும்போதுதான் மலைநோயைப் பத்தி யோசிக்கணும். பெரியவங்கன்னா தலைவலி, குமட்டல்னு சொல்லிடுவாங்க. சின்னப் பிள்ளைங்க சொல்லாது. காரணம் இல்லாம அழும், சாப்பிடாது, விளையாடாது, தூக்கம் கெடும். இதெல்லாம் சாதாரணப் பயணக் களைப்புலயும் வரும், அதான் சிக்கல். குழந்தைகளும் மலை உயரமும் பத்தி 2001ல பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. அதோட சாரம்: உயரத்துல பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா, வேற காரணம் தெளிவா தெரியற வரைக்கும் மலைநோய்னே எடுத்துக்கணும். கீழ இறங்கிடணும்.

ஆறுதலான விஷயம் ஒண்ணு உண்டு. மலைநோய் பெரும்பாலும் மேல போய் சில மணி நேரம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும், ராத்திரி அங்கயே தூங்கினா மோசமாகும். அதனாலதான் யுங்ஃப்ராவ்யோக்ல ரெண்டு மணி நேரம் இருந்துட்டு இறங்கற ஆரோக்கியமான குடும்பங்கள் பெரும்பாலும் சிரமம் இல்லாம வந்துடறாங்க. மேல ஏறலாம், கீழ வந்து தூங்கணும். இதுதான் அடிப்படை விதி.

கடைசியா போட்ட திட்டம்

யுங்ஃப்ராவை எடுத்துட்டோம். வீசிங் இருக்கிற பிள்ளை, 3,454 மீட்டர், பனிக்காத்து, முக்கால் மணி நேர ஏத்தம். நாலையும் ஒரே நாள்ல சேர்க்க எனக்கு மனசு வரல. அவன் பெரியவனானா பார்த்துக்கலாம்.

அதுக்குப் பதிலா பெர்னினா. மிலான்ல இருந்து திரானோ ரெண்டரை மணி நேர ரயில். திரானோ 429 மீட்டர், நம்ம ஆம்பூரைவிடக் கொஞ்சம்தான் உயரம். ரெண்டு ராத்திரியும் அங்கதான் தூக்கம். 1910ல முழுசா திறந்த இந்தப் பாதையில பல் சக்கரமே கிடையாது. 14 அடிக்கு ஒரு அடி ஏத்தம். நம்ம நீலகிரி 12 அடிக்கு ஒண்ணு. ரெண்டுமே யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, நம்மது 2005ல, அவங்கது 2008ல.

பெர்னினா எக்ஸ்பிரஸ்னு பெயர் போட்ட வண்டிக்கு முன்பதிவு கட்டாயம். ஆனா அதே தண்டவாளத்துல சாதாரண வண்டியும் ஓடுது, அதுக்கு முன்பதிவு வேண்டாம். எங்களுக்கு அதுதான் சரி. பையனுக்கு மூச்சு சரியில்லைன்னா எந்த ஸ்டேஷன்லயும் இறங்கி எதிர் வண்டியில திரும்பிடலாம். பணம் கட்டின டிக்கெட் வீணாயிடுமேன்னு நோய்வாய்ப்பட்ட பிள்ளையோட மேல போறதுதான் குடும்பங்க செய்யற பெரிய தப்புன்னு நினைக்கிறேன்.

சுவிஸ் ரயில்ல ஆறு வயசுக்குக் கீழ பெரியவங்களோட வந்தா இலவசம். ஷெங்கன் விசாவுக்கும் ஆறு வயசுக்குக் கீழ கட்டணம் இல்ல, பன்னிரண்டு வயசுக்குக் கீழ கைரேகை வேண்டாம். விசாவுக்குக் கேக்கிற காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோ. வாங்கும்போது பிள்ளைக்கு வீசிங் இருக்குன்னு மறைக்காம சொல்லிட்டேன். பிரீமியம் கூடுச்சு, பரவாயில்ல.

இன்ஹேலர், ஸ்பேசர், டாக்டர் சீட்டு மூணும் என் தோள் பையில. பெட்டியில இல்ல, இவர் கையிலயும் இல்ல. ஊட்டி கத்துக்கொடுத்த பாடம் அது. மேல இறங்கினா அரை மணி நேரம், மூக்கையும் வாயையும் மஃப்ளரால மூடிக்கிட்டு, ஓட்டம் கிடையாது.

எல்லாத்தையும் அத்தைக்கு விளக்கினேன். "ஊட்டி உயரம்தான் அத்தை, ஆனா குளிர் அதைவிட ஜாஸ்தி"ன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ புள்ளைக்கு ஸ்வெட்டர் ஒண்ணு பத்தாதும்மா, ரெண்டா வாங்கு"ன்னாங்க. விசா நேர்காணல் வர்ற மாசம் சென்னையில.