அட்டையில் இல்லாத ஊசிகள்

தத்தெடுத்த குழந்தையுடன் வீடு வந்து சேரும் மருத்துவக் காகிதங்கள் பல நேரங்களில் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன. மீதியைச் சரிசெய்வது புதிய பெற்றோரின் முதல் வேலை.

குழந்தை வீட்டுக்கு வரும் நாளில் ஆரத்தி, இனிப்பு, உறவினர் கூட்டம் என்று வீடே அமளிப்படுகிறது. காப்பகம் கொடுத்தனுப்பிய கோப்பு அலமாரிக்குள் போய்விடுகிறது. சில நாள் கழித்துக் குழந்தைநல மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்: “தடுப்பூசி அட்டை எங்கே?”

மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமான ‘காரா’ மூலம் 2024-25இல் 4,515 குழந்தைகள் தத்தெடுக்கப்பட்டனர். இவர்களில் யாருக்கும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கு இல்லை. காரணம் எளிது. பெற்றவரே ஒப்படைத்த குழந்தையாக இருந்தால், மனம் மாறுவதற்குச் சட்டம் அவருக்கு 60 நாள் அவகாசம் தருகிறது. கைவிடப்பட்ட குழந்தையென்றால், உற்றவர் யாராவது இருக்கிறார்களா என்று தேட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 2 மாதமும் அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 4 மாதமும் இதற்குக் கெடு. ஆனால் தடுப்பூசி அட்டவணை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பிறந்தவுடன் பி.சி.ஜி., ஹெபடைடிஸ்-பி, போலியோ சொட்டு மருந்து; பிறகு 6, 10, 14 வாரங்களில் அடுத்தடுத்த தவணைகள். புதிய பெற்றோர் வருவதற்கு முன்பே பல தவணைகளின் நாள் கடந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அரசு தரும் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் பெற்ற தாயின் பெயர் இருக்கும். குப்பைத்தொட்டி அருகிலோ கோயில் வாசலிலோ கண்டெடுக்கப்பட்ட குழந்தையுடன் அப்படியொரு அட்டை வருவதில்லை. பிறந்த தேதியே மருத்துவர் கணித்துச் சொன்னதாகத்தான் இருக்கும்.

இந்த நிலையில் மருத்துவர்கள் பின்பற்றும் விதி கறாரானது: எழுத்தில் இல்லாத ஊசி, போடாத ஊசி. “போட்டதாகத்தான் சொன்னார்கள்” என்பது கணக்கில் சேராது. எழுதப்பட்டதையும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் தேதி இருக்கிறதா? ஒரே மருந்தின் முதல் மூன்று தவணைகளுக்கிடையே குறைந்தது 4 வார இடைவெளி இருக்கிறதா? பிறந்த தேதிக்கு முன்பே ஊசி போட்டதாகப் பதிவாகியிருக்கிறதா? தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 9 மாதத்துக்கு முன்பே போட்டிருந்தால் அது வழக்கமான இரண்டு தவணைகளில் சேராது.

இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருந்தால் அது ஒரு சாட்சி. இல்லையென்பதால் மட்டும் ஊசி போடவில்லை என்று ஆகிவிடாது. சில குழந்தைகளுக்குத் தழும்பு விழுவதே இல்லை. பதிவு இருந்தால், தழும்பில்லை என்பதற்காக மறுபடி போடுவதில்லை.

போட்ட ஊசியையே மறுபடி போட்டால் ஆபத்தில்லையா என்பதுதான் பெரும்பாலான வீடுகளில், குறிப்பாகப் பாட்டிமார்களிடம், எழும் அச்சம். பொதுவாக ஆபத்தில்லை. ரணஜன்னி மருந்து சேர்ந்த ஊசிகள் அளவுக்கு மீறினால் கை வீங்கி வலிக்கலாம். அதனால்தான் மருத்துவர் கணக்குப் பார்த்துப் போடுகிறார். போடாமல் விட்டுவிட்டால் வருவது கக்குவானும் தொண்டை அடைப்பானும் தட்டம்மையும். குழந்தை மெலிந்திருக்கிறது, உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போடுவதும் தவறு. சத்துக்குறைவான குழந்தையைத்தான் தட்டம்மை கடுமையாகத் தாக்குகிறது.

விட்டுப்போன தவணைகளுக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே நாளில் வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று ஊசிகள் போடலாம். அரசுத் திட்டத்தில் பி.சி.ஜி. போடுவதற்கும் பென்டாவேலன்ட், ரோட்டா வைரஸ், நிமோகாக்கல் மருந்துகளைத் தொடங்குவதற்கும் வயது வரம்பு ஒன்று. அதைத் தாண்டிய குழந்தைக்குப் பென்டாவேலன்டுக்குப் பதில் 7 வயது வரை முத்தடுப்பு ஊசி உண்டு. போலியோ சொட்டு மருந்துக்கும் தட்டம்மை-ரூபெல்லாவுக்கும் 5 வயது வரம்பு. எட்டு வயதுச் சிறுமியைத் தத்தெடுப்பவர்கள் ‘இனி ஊசிக்கு வயதில்லை’ என்று இருந்துவிடக் கூடாது. ரணஜன்னி-தொண்டை அடைப்பான் ஊசி அவளுக்கும் தேவை. தட்டம்மைத் தடுப்பூசியை அந்த வயதிலும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஹெபடைடிஸ்-பி விஷயத்தில் ஊசிக் கணக்கு மட்டும் போதாது. ரத்தப் பரிசோதனை முடிவும் கோப்பில் இருக்க வேண்டும். தொற்று இருப்பது தெரிந்தால் குழந்தைக்குச் சிகிச்சைக் கண்காணிப்பும், வீட்டிலுள்ளவர்களுக்குத் தடுப்பூசியும் தேவை. அது குழந்தையை ஒதுக்கிவைக்கக் காரணமல்ல.

குழந்தையை ஏற்பதற்கு முன்பே மருத்துவ அறிக்கையைத் தங்களுக்கு நம்பிக்கையான மருத்துவரிடம் காட்டப் பெற்றோருக்கு விதி அனுமதி தருகிறது. காப்பகத்தின் அசல் பதிவேட்டிலிருந்து தேதிகளைக் கேட்டு வாங்க அதுவே நல்ல நேரம். பிறகு அலைந்து திரிந்து கேட்பது கடினம். குழந்தை வந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நிறுவனத்தின் சமூகப் பணியாளர் நிலவரம் பார்த்து அறிக்கை எழுதுகிறார். அட்டையை அவரிடமும் காட்டலாம்.

செலவு ஒரு தடையல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடி முகாமிலும் திட்டத்திலுள்ள ஊசிகள் இலவசம். வேண்டியதெல்லாம் ஒரு புதிய அட்டையும், அதைப் பத்திரமாக வைத்திருக்கும் அக்கறையும்தான். குழந்தை பிறந்த நாள் ஊகமாக இருக்கலாம். இனிப் போடும் ஒவ்வொரு ஊசியின் தேதியும் ஊகமாக இருக்க வேண்டியதில்லை.