மலைமேய்ச்சல் நாட்டில் ஒரு கோடைப் பயணம்



பயணத் திட்டம் என்றால் நம்மில் பலர் செய்வது ஒன்றே. நிலப்படத்தை விரிக்கிறோம்; புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் குறிக்கிறோம்; இடையிலுள்ள தொலைவை வண்டியின் வேகத்தால் வகுத்து, இத்தனை மணிக்குச் சேர்வோம் என்று முடிவு கட்டுகிறோம். பெருஞ்சாலைகளில் இந்தக் கணக்குப் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆனால் பெருஞ்சாலையை விட்டு விலகி, மலைகளுக்கிடையே மாடு வளர்த்து வாழும் மக்களின் நாட்டுக்குள் செல்ல விரும்புவோருக்கு இக்கணக்கு போதாது. அந்நிலத்தில் எந்தத் திங்களில் என்ன தொழில் நடக்கிறது என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள வயோமிங் மாநிலத்தில் நண்பர் ஒருவருடன் நான் மேற்கொண்ட கோடைப் பயணத்தைக் கொண்டு இதனை விளக்க முயல்கிறேன்.

வயோமிங் ஏறத்தாழ 2,53,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அவ்வளவு பெரிய நிலத்தில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் 5,76,851 பேர் மட்டுமே. அம்மாநிலத்தின் மேற்குப் பகுதியில் விண்ட் ரிவர் மலைத்தொடர் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய கேனட் 13,804 அடி உயரமுள்ளது. அம்மலையின் மேற்குச் சரிவில் பிறப்பது கிரீன் ஆறு. அவ்வாற்றின் மேற்பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திற்கு 7,000 அடிக்கு மேல் அமைந்த சிற்றூர் பைன்டேல். அங்கிருந்து வடக்கே கிரீன் ஆற்று ஏரிகளைக் கண்டு, பின்னர் யூனியன் கணவாயைக் கடந்து, மலைக்கு அப்பாலுள்ள டூபாய்ஸ் என்னும் ஊரை அடைவது எங்கள் நோக்கம்.

அக்கணவாய் 9,200 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் உள்ளது. 1860-ஆம் ஆண்டில் ரேனால்ட்ஸ் என்னும் படைத் தலைவர் அதற்கு அப்பெயரை இட்டார். அதன் அருகே மூன்று நீர் மலை என்று பொருள்படும் பெயருடைய மலை ஒன்று உண்டு. அங்கு உருகும் பனிநீரில் ஒரு பங்கு கிரீன் ஆற்றின் வழியே கொலராடோவைச் சேர்கிறது. மற்றொரு பங்கு ஸ்னேக் ஆற்றின் வழியே கொலம்பியாவை அடைகிறது. இன்னொரு பங்கு விண்ட் ஆற்றில் இறங்கி, மிசௌரியிற் கலந்து, இறுதியில் மிசிசிப்பியாகிறது. ஒரே மலையில் தோன்றும் நீர் மூன்று பெருநதிகளுக்குப் பிரிந்து செல்லும் இடத்தை மாணவர் எவரும் காண விரும்புவர் அல்லவா?

இனி, அந்நாட்டு மக்களின் தொழிலைச் சற்று நோக்குவோம். அங்கே குளிர்காலம் நீண்டது, கடுமையானது. பனி நிலத்தை மூடும் திங்கள்களில் மாடுகளுக்குப் பசும்புல் கிடையாது. ஆதலின் பள்ளத்தாக்கில் உள்ள ஈரப் புல்வெளிகளுக்கு ஆற்று நீரைப் பாய்ச்சிப் புல் வளர்த்து, கோடையின் நடுவில் அறுத்து உலர்த்திச் சேமிக்கிறார்கள். புல் வளரும் காலத்தில் மாடுகள் அங்கே நின்றால் சேமிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே கோடையின் தொடக்கத்தில் அவற்றை மலைமேலுள்ள மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்கிறார்கள். கீழே புல் வளர, மேலே மாடு மேய்கிறது.

இவ்வாறு ஓட்டிச் செல்லும் வழிகளுள் கிரீன் ரிவர் டிரிஃப்ட் என்பது புகழ் வாய்ந்தது. 1890-களிலிருந்து பயன்பட்டு வரும் அத்தடம் 2013-இல் அமெரிக்க வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் இடம் பெற்றது. டிரிஃப்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மெல்ல நகர்தல் என்பது பொருள். இலையுதிர் காலத்தின் முதற் குளிர் தாக்கியதும், எவரும் ஓட்டாமலே மாடுகள் தாமாகக் கீழ்நோக்கி நகரத் தொடங்குவதால் இப்பெயர் ஏற்பட்டது.

இதை அறிந்தவுடன் எங்கள் திட்டம் மாறியது. மே மாத இறுதியில் செல்ல முதலில் எண்ணியிருந்தோம். அப்பொழுது கணவாயைப் பனி மூடியிருக்கும். ஜூன் முடியும் வரையில்கூட அங்கே பனி கிடக்கக்கூடும். ஜூன் மாதமோ மாடுகள் மலையேறும் காலம். சாலை நிறைய மந்தை வரும்போது, குதிரைமேல் வரும் மேய்ப்பர் கைகாட்டும் வரையில் வண்டி நின்றே ஆகவேண்டும். ஒலி எழுப்பினால் கன்று தாயைப் பிரிந்து ஓடும். எனவே ஜூலை மாதத்தின் பிற்பகுதியைத் தேர்ந்தோம்.

அடுத்தது தொலைவைப் பற்றிய கணக்கு. பைன்டேலிலிருந்து ஏரிகள் வரை ஏறத்தாழ 50 மைல். தார்ச்சாலையில் அது ஒரு மணி நேரப் பயணம். ஆனால் தார் பாதி வழியிலேயே முடிந்து, சரளைக்கல் தொடங்குகிறது. மழை பெய்தால் களிமண் சக்கரத்தைப் பற்றிக்கொள்கிறது. மலைகளில் கோடைப் பிற்பகலில் இடிமழை வருவது வழக்கமாதலால், கணவாய்களை முற்பகலில் கடப்பதே அறிவுடைமை. மைலுக்குப் பதில் மணியால் எண்ணுங்கள். அந்த மணியையும் இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள். ஊரை விட்டுப் புறப்படுமுன் பெட்ரோல் தொட்டியை நிரப்புவதும், நல்ல மாற்றுச் சக்கரம் ஒன்று வைத்திருப்பதும் இன்றியமையாதவை. கைத்தொலைபேசி பல இடங்களில் பயன்படாது. ஆகையால் காகித நிலப்படம் கையிலிருக்கட்டும். எந்த வழியே செல்கிறோம், எந்நாள் திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுதல் வேண்டும்.

இரவில் வண்டி ஓட்டாதீர்கள். வேலியற்ற இடங்களில் மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். பிராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்குகளும் அவ்வழியே இடம்பெயர்கின்றன. அவை பெருஞ்சாலையைக் கடப்பதற்கென்றே பைன்டேலுக்கு அருகில் 2012-இல் மேம்பாலம் அமைத்திருக்கிறார்கள். காட்டில் கரடிகளும் உண்டு. ஆதலின் உணவைக் கூடாரத்தில் வையாது, மூடிய வண்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும். அவ்வுயரத்தில் நீர் ஏறத்தாழ 93 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடும். அதனால் அரிசியும் பருப்பும் வேக நேரம் மிகும். அதற்கேற்ப எரிபொருளும் கூடுதலாக வேண்டும். எங்கள் முதல் இரவுச் சோறு அரைவேக்காடாக இருந்தபோதுதான் பௌதிகப் பாடம் எங்களுக்கு நினைவுக்கு வந்தது!

மூன்றாவது, நிலம் யாருடையது என்னும் கேள்வி. வயோமிங் நிலத்தில் ஏறத்தாழப் பாதி மத்திய அரசுக்கு உரியது. அதில் பெரும்பகுதியில் எவரும் செல்லலாம். பல இடங்களில் கூடாரமும் அடிக்கலாம். பண்ணைக்காரர்கள் அரசிடம் உரிமம் பெற்றுக் கட்டணம் செலுத்தி அங்கே மாடு மேய்க்கிறார்கள். இடையிடையே தனியார் நிலங்கள் உண்டு. அவற்றில் அனுமதியின்றிக் கால் வைத்தல் ஆகாது. மலைக்குக் கிழக்கே ஷோஷோனி, அரப்பஹோ என்னும் தொல்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. அங்கே பொதுச்சாலையை விட்டு விலக அவர்களுடைய அனுமதி வேண்டும். நில உரிமையை வண்ணத்தால் பிரித்துக் காட்டும் படங்கள் கிடைக்கின்றன. அத்தகைய படம் ஒன்றை நாங்களும் வாங்கிச் சென்றோம்.

இத்தனை ஆயத்தங்கள் செய்தும் நாங்கள் பிழை செய்தோம். அதனைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. ஏரிகளுக்குச் செல்லும் வழியில் ஒரு கிளைப்பாதையில் திரும்பினோம். அங்கே முள்கம்பி வேலியில் இருந்த கதவு திறந்து கிடந்தது. எவரோ பொறுப்பின்றி விட்டுச் சென்றனர் என்று எண்ணி, வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்திக் கம்பியால் கட்டிவிட்டுச் சென்றோம். நற்செயல் செய்துவிட்டோம் என்ற நிறைவும் எங்களுக்கு இருந்தது.

மாலையில் அவ்வழியே திரும்பியபோது, வேலியின் மறுபுறத்தில் மாடுகள் கூட்டமாக நின்று கதறிக்கொண்டிருந்தன. அவற்றிற்கு நீர் தரும் ஓடை எங்கள் பக்கத்தில் இருந்தது. மாடுகள் நீருக்கு வந்து போகட்டும் என்றே கதவைத் திறந்து விட்டிருந்தார் பண்ணைக்காரர். நல்ல வெயில் நாள். கன்றுகள் தாய்களின் மடியை முட்டிக்கொண்டு நின்றன. குதிரையில் வந்த முதியவர் கட்டை அவிழ்த்துக் கதவைத் திறந்தார். நாங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். அவர் சினந்து பேசவில்லை. கதவு மூடியிருந்தால் மூடியே செல்லுங்கள், திறந்திருந்தால் திறந்தே விட்டுச் செல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, மாடுகளின் பின்னே சென்றார்.

நாங்கள் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் செய்யவில்லை. ஆயினும் எங்கள் நல்லெண்ணம் அம்மாடுகளின் தாகத்தைத் தணிக்கவில்லை. மறுநாள் நாங்கள் திரும்பி வராதிருந்தால், அவரும் வராதிருந்தால், விளைவு என்னவாகியிருக்கும்? நமக்குக் காட்சியாகத் தோன்றும் அந்த நிலம் அவருக்குத் தொழிற்களம் என்பதைப் படத்தில் படித்திருந்தோம், அன்றுதான் உணர்ந்தோம்.

ஆகவே, நண்பர்களே, நீங்கள் என்றேனும் இத்தகைய மலைநாட்டிற்குச் செல்ல நேர்ந்தால், திட்டக் குறிப்பில் மூன்று கேள்விகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இப்பருவத்தில் அங்கே என்ன வேலை நடக்கிறது? இந்த வழியில் அடுத்த பெட்ரோலும் நீரும் எங்கே? இந்த நிலம் யாருடையது? இவற்றிற்கு விடை தெரிந்தபின் தொலைவைக் கணக்கிடுங்கள். வழியில் வேலிக் கதவு ஒன்று எதிர்ப்பட்டால், அது எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே விட்டுச் செல்லுங்கள்.