படிவம் கேட்கும் கேள்விகள்

ஒரு ஸ்தாபனம் தன் கணக்கு வழக்குகளையோ சரக்கு இருப்பையோ புதிய கணினி ஏற்பாட்டுக்கு மாற்ற முற்படும்போது, காரியம் எதற்காக, யார் பொறுப்பில், எவ்வளவு செலவில், எந்த நாளுக்குள் முடியவேண்டும் என்பவற்றை ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்து யோசித்துக்கொண்டிராமல், முன்னனுபவத்தின் சாரமாக அமைந்த மாதிரிப் படிவங்களைக் கொண்டு நிர்வகிக்கும் வழக்கம் இன்று வேரூன்றியிருக்கிறது. பிரிட்டிஷ் அரசாங்கம் தன் கணினித் திட்டங்களுக்கென 1989இல் வகுத்த ‘பிரின்ஸ்’ முறையும், எல்லாவகைத் திட்டங்களுக்கும் பொருந்துமாறு 1996இல் திருத்தி வெளியிடப்பட்ட ‘பிரின்ஸ் 2’ முறையும் இதற்குப் பிரசித்தமான உதாரணங்கள்.

இப்படிவங்களுள் இடர்ப் பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். என்ன நேரக்கூடும், அதற்கு வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் பாதகம் எத்தகையது, தடுக்கச் செய்யவேண்டியது என்ன, பொறுப்பாளர் யார் என்று அதில் கட்டங்கள் வகுக்கப்பட்டிருக்கும். பழைய சம்பளக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுகையில் விவரங்கள் பிழைபடக்கூடும் என்பது அலுவலகத்தில் எல்லோரும் அறிந்த சங்கதியே. எனினும், கடைசிக் கட்டத்தில் ஒருவர் பெயரை எழுதியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் வரும்போதுதான், பொதுவில் கிடந்த கவலை ஒருவருடைய கடமையாகிறது.

கட்டங்களை நிரப்பியதோடு காரியம் தீர்ந்ததாகக் கருதினால் நேரும் அனர்த்தத்துக்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் அனுபவம் சாட்சி. அழைப்பு வந்த இடத்துக்கு எந்த வண்டியை அனுப்புவது என்பதைக் கணினியே நிர்ணயிக்கும் அத்திட்டத்துக்குப் பிரின்ஸ் முறை கைக்கொள்ளப்படும் என்று பெயரளவில் சொல்லப்பட்டிருந்தது. குறைகளைத் தெரிவிப்பதற்கென்று படிவமும் இருந்தது. 1992 அக்டோபர் 26ஆம் தேதி முழு அளவில் இயக்கம் தொடங்கியபோது, அவ்வாறு பதிவாகியும் தீராதிருந்த குறைகள் 81. அவற்றுள் 2 சேவையையே கடுமையாகச் சீர்குலைக்கத்தக்கவை, 44 அன்றாட வேலையில் தொல்லை தரத்தக்கவை என்று தரமும் பிரிக்கப்பட்டிருந்தது. உபயோகிப்போர் கேட்டார்கள் என்பதற்காகப் படிவத்தின் வழியே வராமல் நேராகச் செய்யப்பட்ட திருத்தங்களும் உண்டென்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. வண்டிகள் நிற்கும் இடம் கணினிக்குச் சரிவரத் தெரியாமற்போகவே, ஓர் அழைப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சென்றன, சில அழைப்புகள் தாமதித்தன. மறுநாளே பாதி வேலையைப் பழையபடி கையால் செய்யும் ஏற்பாட்டுக்குத் திரும்பவேண்டியதாயிற்று.

ஆகவே, படிவங்களின் எண்ணிக்கையைவிட அவற்றைப் படித்துச் செயல்படுவதே முக்கியம்; சிறிய திட்டத்துக்குச் சில படிவங்களே போதும். திட்டத்தின் அளவுக்கேற்ப முறையைத் தகவமைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பிரின்ஸ் 2 தன் கோட்பாடுகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. எவரும் படிக்காத அறிக்கையைத் தயங்காமல் நீக்கிவிடலாம். நீக்காமல் வைத்துக்கொண்டவற்றைப் படித்து, ‘இக்குறைகள் தீரும்வரை தொடங்கக்கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதையும் முதல் நாளிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.